கொம்பு மொட்டும் குருவிமூக்கு மொட்டும்

என் கன்னியம்மாக்கா,

உனக்குப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை யாராவது உனக்குப் படித்துக் காட்டித்தான் ஆகவேண்டும். உன் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனுக்கு அவருடைய தம்பி எழுதும் கடிதங்களை நாற்றங்காலுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் என் மடியில் போடுவாயே, அதேபோல. அதனால் காதில் கேட்கிற மாதிரியே எழுதப் பார்க்கிறேன். நடுவில் எழுந்து எழுந்து போவேன். பொறுத்துக்கொள்.

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்தேன், பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. துணி ஊறப்போட்டேன், துவைக்கவில்லை. வாசலுக்குப் போகிறேன், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் தெருவைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். அம்மா கேட்டார்கள், உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை என்றேன். நான்கு வருஷமாக யார் என்ன கேட்டாலும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

அக்கா, மரங்கள் பூத்துவிட்டன.

ஒரகடம் ஏரிக்கரை ஓரத்தில் நீயும் நானும் விதை போட்டு எழுப்பிய அந்தத் தைலமரங்கள்தான். நாற்றங்காலில் நீ விட்டுப்போன கன்றுகள் உன் முழங்கால் உயரம்கூட இல்லை. இப்போது நான் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. பட்டை உரிந்து கீழே சருகு மாதிரி கிடக்கிறது, உள்ளே மரம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இந்த ஆடிக் காற்றில் மொட்டு வந்தது. ஆவணியில் தொப்பி கழன்று விழத் தொடங்கியது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது, கணக்குச் சரிதான்.

அதுவரைக்கும் யாராலும் எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. இப்போது சொல்ல முடியும்.

நான் வேலைக்கு வந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தாவரவியல் படித்த பெண், வனத்துறை நாற்றங்காலில் தற்காலிகப் பதிவாளர், கையில் புதுப் பேனா. மற்ற பெண்கள் எல்லாரும் ‘மேடம்’ என்றார்கள். நீ மட்டும் நான் எந்த வருஷம் பிறந்தேன் என்று விசாரித்தாய். நீ ஆறு மாதம் மூத்தவள் என்று தெரிந்ததும், இனிமேல் நான் உன்னை அக்கா என்று கூப்பிட வேண்டும், நீ என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவாய் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாய். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பதும், என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பதும் உன் உரிமையாகிவிட்டது.

நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தேன். நீ மரத்தைப் பார்த்துவிட்டு என் புத்தகத்தைச் சோதித்தாய். சின்னக் கன்றில் இலைகள் எதிரெதிராக இருக்கும், வளர்ந்த பிறகு ஒன்று விட்டு ஒன்றாக மாறித் தொங்கும் என்று நான் படித்துக் காட்டினேன். குழந்தையாக இருக்கும்போது எல்லாம் கைகோத்துக்கொள்ளும், வளர்ந்த பிறகு எவள் எவளோடு சேருகிறாள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். தொங்குகிற இலைக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று இல்லை, இரண்டும் ஒரே நிறம், வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான் என்றேன். நீ இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாய்.

ஒருநாள் நாற்றங்கால் வேலியோரத்துக் கொய்யா இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாய். தைலமர இலையையும் பக்கத்தில் பிடித்தாய். இரண்டிலும் ஊசியால் குத்தியது போலப் பொடிப் பொடியாக வெளிச்சப் புள்ளிகள். எண்ணெய்ப் பை.

“பாத்தியா தங்கச்சி, ரெண்டும் ஒரே வூட்டுப் பொண்ணுங்க,” என்றாய்.

கல்லூரியில் மூன்று வருஷம் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண் வாங்கிய விஷயம் அது. கொய்யா, நாவல், தைலமரம் எல்லாம் ஒரே குடும்பம். நீ மதியச் சோற்றுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் கண்டுபிடித்துவிட்டாய். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம்தான் சோதனைத் தோப்பு போட உத்தரவு வந்தது. ஏரியோர மண்ணில் எந்த ரகம் நன்றாக வரும் என்று பார்க்க, இரண்டு ரகம், ஒரு வரிசை இது, அடுத்த வரிசை அது. புத்தகத்தில் ஒன்றுக்கு டெரெடிகார்னிஸ் என்று பேர், இன்னொன்றுக்குக் கமால்டுலென்சிஸ். உன் வாயில் நுழையவில்லை, நுழைய வேண்டிய அவசியமும் உனக்கு இல்லை. நீ மொட்டைப் பார்த்துப் பேர் வைத்தாய். முதல் ரகத்தின் மொட்டில் தொப்பி நீளமாக, ஆட்டுக்குட்டிக்கு முளைத்த கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது ‘கொம்பு’. இன்னொன்றின் தொப்பி குண்டாக இருந்து நுனியில் மட்டும் வெடுக்கென்று கூராகும். அது ‘குருவிமூக்கு’. புத்தகம் எழுதியவர்களும் அந்தத் தொப்பியைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள் என்று சொன்னபோது, பரவாயில்லை, அவங்களுக்கும் கண்ணு கீது என்றாய்.

தைலமரப் பூவில் இதழ் ஏன் இல்லை என்று நீ கேட்டது நினைவிருக்கிறது. இதழெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தொப்பியாகிவிட்டது, அது கழன்று விழுந்தால் உள்ளே இருக்கிற மகரந்த நூல்கள் வெள்ளையாக விரிந்துகொள்ளும் என்று விளக்கினேன். பிறகு அந்தக் கிண்ணம் மரக்கட்டை போலக் காயாகும், காய்ந்தால் மேலே நாலைந்து பல் திறந்து விதை கொட்டும். விதையா அது? மூக்குப்பொடி. கையில் எடுத்து மூச்சு விட்டால் பறந்துவிடும். இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். அதையும் பதரும் தூசியும் மறைத்துவிடும்.

அதனால்தான் நீ அந்த வழக்கத்தை வைத்திருந்தாய். காய்களைப் பழைய புடவையில் காயவைத்து, விதையை உதிர்த்து, துணிப் பையில் கட்டும்போது, அதே மரத்தில் பறித்த காய்ந்த மொட்டுத் தொப்பி நாலைந்தை விதையோடு போட்டு முடிச்சுப் போடுவாய். என் காகிதச் சீட்டு பையின் மேலே இருக்கும். உன் சீட்டு உள்ளே இருக்கும். நான் அதைக் கவனித்திருந்தேன். ஆனால் அது என்னவென்று ஒருநாளும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எனக்கு வாய் இல்லையா?

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

விதை சுத்தமாக இருக்க வேண்டும், தூசு தும்பு இருக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நீ அன்று வேலைக்கு வரவில்லை, குன்றத்தூர் மலைக்கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று போயிருந்தாய். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? இரண்டு பையையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து இரண்டு முறத்தில் கொட்டினேன். மேலே குத்தியிருந்த சீட்டுகளைக் கழற்றி மேசையில் வைத்தேன். உன் மொட்டுத் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அப்போது ரேஞ்சர் ஏதோ கடிதம் எழுதக் கூப்பிட்டார். போனேன், எழுதினேன், வந்தேன். விதையைப் பையில் அள்ளினேன், கட்டினேன், சீட்டைக் குத்தினேன்.

எந்த முறம் இடப்பக்கம் இருந்தது? எந்தச் சீட்டு எதன் பக்கத்தில் இருந்தது? பஸ்ஸில் போகும்போது, கோயிலில் முட்டிபோடும்போது, தலை பின்னும்போது என்று நான்கு வருஷமாக இதையே நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு முறமும் கண்ணுக்குத் தெரிகிறது. சீட்டு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் பாத்தியில் விதைக்கப் பையை அவிழ்த்தாய். கையில் கொட்டிப் பார்த்தாய். விரலால் கிளறினாய்.

“இன்னா தங்கச்சி, குருவிமூக்கு வெத மஞ்சளா இல்ல இருக்கணும்? இது கறுப்பா கீது. என் மொட்டு எங்க?”

சுத்தம் பண்ணும்போது குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். நிறத்தைப் பற்றி, வெயிலில் அதிகம் காய்ந்தால் கறுத்துப்போகும் என்று சொன்னேன். புத்தகத்தில் அப்படி எங்கேயும் இல்லை. அந்த நிமிஷம் என் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

“அது குப்ப இல்ல தங்கச்சி. உனுக்கு உன் சீட்டு, எனுக்கு என் சீட்டு,” என்றாய். நான் படித்தவள், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விதைக்கத் தொடங்கிவிட்டாய். இந்தப் பாத்திக் கை அந்தப் பாத்திக்குப் போகாமல், ஒரு பாத்தி முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பையைத் தொட்டாய். அதை நான் பார்த்தேன், அக்கா. உன் கை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் போனதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

கன்று விரல் நீளம் வந்தபோது வெளியூரிலிருந்து ஆராய்ச்சி அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். ஜீப் என்ஜினை நிறுத்தாமலே வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாத்தியின் முன்னால் நின்றார். குருவிமூக்கு என்று எழுதின பாத்தி. அதில் இலை குறுகலாக இருக்க வேண்டும், இங்கே அகலமாக இருக்கிறது, விதை கலந்துபோயிருக்கிறது என்றார். யார் விதைத்தது என்று கேட்டார். நீ முன்னால் வந்து, நான்தான் விதைத்தேன், கலக்கவில்லை என்று சொன்னாய். உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாய்.

அதோடு விசாரணை முடிந்துபோனது. படிக்கத் தெரியாதவள் சீட்டைப் பார்க்காமல் கலந்துவிட்டாள் என்று பழி உன் தலையில் விழுந்தது.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு தடவைதான். நான் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் பக்கம், அக்கா. அதில் படிக்க ஒன்றும் இல்லை.

உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா? முறத்தையும் சீட்டையும் நீ பார்க்கவில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்தவள் நீ. மொட்டைக் கேட்டவள் நீ. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? “தங்கச்சிதான் பையைப் பிரிச்சிது” என்று ஒரு வார்த்தை போதுமே. நான் தற்காலிக வேலையில் இருக்கிறேன், அப்பா படுத்த படுக்கை, இதெல்லாம் உனக்குத் தெரியும். அதற்காகவா? இல்லை, சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள் என்றா? எந்தப் பதிலாக இருந்தாலும் எனக்கு வலிக்கிறது. ஆனாலும் எது என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொள்கிறது.

திங்கட்கிழமை மஸ்டரில் வருகைப் பேர் கூப்பிட்டபோது உன் பேர் இல்லை. கூப்பிட்டது நான்தான். முனியம்மா பேருக்கு முன்னால் உன் பேர் வரும். அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த பேருக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு பாத்தியில் யாராவது எதையாவது மாற்றிப் போட்டால், ‘இன்னாடி, கன்னியம்மா வேல பண்ற’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விளையாட்டுக்குத்தான். இன்றைக்கும் சொல்கிறார்கள். நீ யாரென்றே தெரியாத புதுப் பெண்கள்கூடச் சொல்கிறார்கள்.

அதை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மென்று விழுங்கிக்கொண்டு மஸ்டரில் ஏதாவது கிறுக்குவேன்.

மறுபடி விதைக்க நேரமில்லை என்று, அதே கன்றுகளைச் சீட்டில் இருந்தபடியே தோப்பில் நட்டோம். நீ மறைமலை நகர் கம்பெனியில் பெருக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். நீலச் சேலை, தலையில் முடிந்த துணி, ஷிப்ட் முடிந்த களைப்பு. ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். நீ கையை உதறவில்லை. என் முகத்தைப் பார்த்தாய்.

“நல்லா கீறீங்களா, மேடம்?” என்றாய்.

பஸ் வந்தது. ஏறிவிட்டாய். எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. நானும் அந்தப் பஸ்ஸில்தான் போக வேண்டும், ஆனால் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

போன ஐப்பசி மழையில் உனக்கு மஞ்சள்காமாலை என்றார்கள். கீழாநெல்லி கொடுக்கிறார்கள் என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். பிறகு ஒருநாள் முனியம்மா அழுதுகொண்டே வந்தாள். நான் மாலை வாங்கிக்கொண்டு உங்கள் தெருமுனை வரைக்கும் வந்தேன். மேளச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் கால் வரவில்லை. மாலையை அங்கே இருந்த வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். யாராவது பார்த்திருந்தால் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

சரி. இப்போதைய சேதிக்கு வருகிறேன்.

தோப்பை வெட்டப்போகிறார்கள். அந்த இடத்தில் ஏதோ கம்பெனி வருகிறதாம். பத்து நாளில் அளந்து, வெட்டி, அடிக்கட்டையையும் பிடுங்கி நிலத்தை ஒப்படைக்க வேண்டும். இந்த மரத்தை வெறுமனே வெட்டினால் அடியில் இருக்கிற முண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும், குழந்தை இலையும் மறுபடி வரும். ஆனால் அடியோடு பிடுங்கினால் ஒன்றும் மிச்சமில்லை. சோதனைத் தோப்பின் கோப்பையும் மூடுகிறார்கள். கடைசிக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பழைய பக்கத்தைப் புரட்டினேன். ‘விதைக் கலப்பு, நாற்றங்கால் பெண் தொழிலாளியின் கவனக்குறைவு.’ என் கையெழுத்து, அக்கா. ரேஞ்சர் சொல்லச் சொல்ல நானே எழுதியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் தொரட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனேன். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியாது. இல்லை, தெரியும். உள்ளுக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ உண்மையிலேயே கலந்திருக்க வேண்டும் என்று ஆசை. ஒரே வரிசையில் ஒரு மரம் கொம்பு, அடுத்த மரம் குருவிமூக்கு, அதற்கடுத்தது மறுபடி கொம்பு என்று இருந்தால், அது விதைக்கிற கையில் நடந்த கலப்பு. நான் தப்பித்தேன். வரிசை வரிசையாக முழுதும் மாறியிருந்தால், அது சீட்டில் நடந்த தவறு. இதுதான் கணக்கு. இதை இத்தனை வருஷமாக மனசுக்குள் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன், மொட்டு வரட்டும் என்று.

முதல் வரிசையின் தலைமாட்டில் தகரத் தகட்டில் கமால்டுலென்சிஸ் என்று எழுதியிருந்தது. உன் குருவிமூக்கு. தொரட்டியால் கிளையை வளைத்தேன்.

கொம்பு.

அடுத்த மரம், கொம்பு. அதற்கடுத்தது, கொம்பு. கீழே விழுந்து கிடந்த தொப்பிகள் எல்லாம் நீள நீளமாக. வரிசைக் கடைசி வரைக்கும் போனேன். இரண்டாவது வரிசைக்குத் திரும்பினேன், தகட்டில் டெரெடிகார்னிஸ், மரத்திலெல்லாம் குருவிமூக்கு. நடந்தேன், அக்கா. மூன்று மத்தியானம் நடந்தேன். சிலது இன்னும் மொட்டு விடவில்லை, அவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன். மொட்டு விட்ட மரம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது, கையில் பிசின் ஒட்டிச் சிவப்பாகக் காய்ந்துபோனது. ஒரு வரிசைக்குள்கூட ஒரு மரம் மாறியிருக்கவில்லை.

நீ கலக்கவே இல்லை. மூக்குப்பொடி மாதிரி விதையை, இத்தனை ஆயிரத்தை, ஒன்றோடு ஒன்று சேராமல் விதைத்து, கன்றாக வளர்த்துக் கொடுத்திருக்கிறாய். தப்பு முழுக்க என் சீட்டில். இதைவிடச் சுத்தமான வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் மறுபடி எழுந்து முதல் வரிசைக்குப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் கொம்புதான்.

ரேஞ்சரிடம் இரண்டு கிளையைக் கொண்டுபோய் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்டப்போகிற தோப்பு, முடிந்துபோன கதை, அந்த அம்மாவும் இல்லை, இப்போது எதற்கு உங்கள் வேலைக்கு நீங்களே உலை வைத்துக்கொள்கிறீர்கள் என்றார். இரண்டு ரகத்தின் வளர்ச்சியும் மாற்றி மாற்றி எழுதப்பட்டிருக்கிறது, அதைத் திருத்தியே ஆகவேண்டும் என்றேன். அதைத் திருத்தலாம், ஆள் பேர் எதற்கு என்றார். ஆள் பேர்தான் முதலில் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பதிவேட்டைத் திறந்து பழைய வரியை அடித்து, ‘விதை கலக்கவில்லை. சீட்டு மாற்றிக் குத்தியது பதிவாளர் ஸ்டெல்லா. விதைத்த கன்னியம்மாள் மேல் தவறு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வரும் என்று மட்டும் சொன்னார். வரட்டும்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை அண்ணன் லாரி ஷெட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். உன் படத்துக்குக் கனகாம்பரம் போட்டிருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். முறம், சீட்டு, மொட்டு, தோப்பு, எல்லாம். இரண்டு கிளையையும் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். கொம்பு மொட்டை விரலால் கிள்ளினார்.

“அவ கலக்கலன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும்மா,” என்றார். “எனுக்கு இன்னாத்துக்குச் சொல்ற? தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லு.”

கிளைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தெரியாதவர்கள் யார்? பதிவேட்டைப் படிக்கப்போகிறவர்கள் இல்லை. அது அலமாரிக்குள் போய்விடும். மஸ்டரில் நிற்கிற பெண்கள்தான். உன்னைப் போலப் படிக்கத் தெரியாதவர்கள், நான் எழுதி வைத்த வரியால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் வாயில்தான் உன் பேர் நான்கு வருஷமாக ஒரு தப்புக்குப் பேராக இருக்கிறது. இன்று காலை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விலகி வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்வது சுலபம், அக்கா. திரைக்குப் பின்னால், காதோடு காதாக. நான் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை.

நாளை திங்கட்கிழமை. காலை ஏழரைக்கு மஸ்டர். கொட்டகை முன்னால் முப்பது பேர் நிற்பார்கள். பயமாக இருக்கிறது. முனியம்மா என்ன சொல்வாள்? இத்தனை நாள் மேடம் மேடம் என்ற வாய்கள் என்ன சொல்லும்? எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நீ கேட்டுக்கொண்டாயே.

உனக்குக் கொடுக்கிற வாக்கு இது. நாளைக்கு முனியம்மாவின் பேருக்கு முன்னால், நான்கு வருஷமாக மூச்சை நிறுத்திக் கடந்த அந்த இடத்தில், உன் பேரைக் கூப்பிடுவேன். கன்னியம்மாள் என்று உரக்கக் கூப்பிடுவேன். எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு கையில் கொம்பு, ஒரு கையில் குருவிமூக்கு. பிறகு இந்தக் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு வார்த்தையையும் விடமாட்டேன், அந்தக் கேவலமான ஆசை உட்பட.

படித்து முடிக்கும்போது கீழே இருக்கிற இந்த வரியும் என் வாயால் வந்தாக வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்லப்போவதில்லை என்பதால், நானாகவே எடுத்துக்கொள்கிறேன்.

உன்னைவிட ஆறு மாதம் சின்னவள்,
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா